எப்பங்க காலி பண்ணோணும்? பேங்க் ஏலத் தளமும் அதன் பின்னால் வரும் காகிதங்களும்: குடியிருப்பவர் பக்கத்து மதிப்புரை

வீடு ஏலத்தில் போன மறுநாள் பேங்க் வாசலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்பங்க காலி பண்ணோணும்?" பொதுத்துறை பேங்குகள் ஏலத்துக்கு விடும் சொத்துகளை ஒரே இடத்தில் காட்டும் பேங்க்நெட் தளத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது. ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை இருக்கிறது, கட்ட வேண்டிய முன்பணம் இருக்கிறது, ஏலம் தொடங்கும் நேரம் மணி நிமிடத்தோடு இருக்கிறது. குடியிருப்பவர் வெளியேற வேண்டிய தேதி மட்டும் இல்லை. தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கடன் பாக்கிக்கு வீட்டை விற்கப் பேங்குக்கு அதிகாரம் கொடுக்கும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்திலேயே அப்படியொரு தேதி எழுதப்படவில்லை.

ஏலத்தில் வீடு எடுக்க நினைப்பவருக்காக இந்தத் தளத்தை அலசியவர்கள் நிறையப் பேர். உள்ளே குடியிருப்பவருக்கு இது எதற்கு உதவும், எங்கே கைவிடும், அங்கே கிடைக்காத பதில் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் தளம். ஐபாபி என்ற பெயரில் இருந்ததை 2025 ஜனவரியில் புதுப்பித்து பேங்க்நெட் ஆக்கினார்கள். மாவட்டம், ஊர், சொத்து வகை என்று வடிகட்டித் தேடலாம். வாரம் ஒருமுறை உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது. உங்கள் வீடு வந்திருந்தால் விற்பனை அறிவிப்பைத் தரவிறக்கி, எந்தத் தேதியில் எடுத்தது என்று தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், கதவு எண், சதுர அடி, நான்கு எல்லை எல்லாம் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் கீழே தறிக்கொட்டகை, மேலே குடியிருப்பு என்று இருக்கும் கட்டடங்களில் அடமானம் வைத்த பரப்பு ஒன்றாகவும் அறிவிப்பில் வரும் பரப்பு வேறாகவும் இருந்தால், அதை அப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். விற்ற பிறகு சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பெரிய ஓட்டை ஒன்று: தனியார் பேங்குகளும் வீட்டுக்கடன் கம்பெனிகளும் வேறு ஏலத் தளங்களையும் வைத்துக்கொள்வதுண்டு. எனவே பேங்க்நெட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் நம் வீடு ஏலத்துக்கு வரவில்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. வீட்டைத் தன் வசம் எடுத்ததாகப் பேங்க் சொல்லும் சுவாதீன அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் என்பது விதி. தமிழ்ப் பேப்பரின் கடைசிப் பக்கங்கள்தான் இன்றைக்கும் நம்பகமான தேடுபொறி.

இந்தத் தளம் குடியிருப்பவருக்குக் கொடுக்கும் மிக முக்கியமான தகவல் இரண்டே சொல்லில் இருக்கிறது. சுவாதீனம் எந்த வகை என்ற இடத்தில் 'சிம்பாலிக்' என்றிருக்கிறதா, 'பிசிகல்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். பிசிகல் என்றால் சாவி ஏற்கெனவே பேங்க் கையில். அதாவது அந்த வீட்டில் இருந்தவர்கள் ஏலத்துக்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். சிம்பாலிக் என்றால் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குடும்பம் உள்ளேதான் இருக்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்று அறிவிப்பில் போட்டு, அதைத் தெரிந்துகொண்டே ஏலம் எடுப்பவர் எடுக்கிறார். ஏலம் முடிந்த அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி வீட்டைப் பூட்ட அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. கரண்டைப் பிடுங்கவோ தண்ணீர்க் குழாயை அடைக்கவோ பேங்குக்கும் கிடையாது.

ஒட்டின நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்தது என்ற எண்ணம் இந்தப் பக்கம் ரொம்பப் பேருக்கு உண்டு. ஒட்டியதும் படம் எடுத்தாகிவிட்டது, பேப்பரிலும் 7 நாளுக்குள் போட்டுவிடுவார்கள். கிழித்ததால் மிஞ்சுவது, அதில் என்ன தேதி இருந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போவது மட்டும்தான். பேங்க் நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட உங்களுக்குள்ள 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கியிருக்கும்.

தேதிகளை இனி வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு பாக்கியைக் கட்டச் சொல்லி சர்ஃபேசி சட்டத்தின் பிரிவு 13(2) நோட்டீஸ். அதில் 60 நாள் கெடு. அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் பேங்க் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாள் முடிந்தபின் சுவாதீன நோட்டீஸ். அதன்பின் விற்பனை அறிவிப்பு. முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தந்தாக வேண்டும். கேட்பார் இல்லாமல் முதல் ஏலம் போய்விட்டால் அடுத்ததற்கு 15 நாள் போதும். ஏலம் எடுத்தவர் அன்றோ அடுத்த வேலை நாளிலோ முன்பணத்தோடு சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்துக்கு விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள்; எழுத்தில் ஒப்புக்கொண்டால் 3 மாதம் வரை நீட்டலாம். முழுப் பணமும் வந்த பிறகே விற்பனைச் சான்றிதழ். ஆகக் காகிதக் கணக்கிலேயே முதல் தவணை தவறியதிலிருந்து ஏலம் வர 180 நாளாவது ஆகும்.

இந்த வரிசையில் பலர் தடுமாறி விழும் இடம் விற்பனை அறிவிப்பு வெளியாகும் நாள். முழுப் பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்வரைதான். 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லிவிட்டது. "ஏலத்தன்னைக்குக் காலையில பணத்தோட போய் நின்னா நிறுத்திருவாங்க" என்று டீக்கடையில் சொல்வது பழைய சட்டத்தின் நினைப்பு. சொந்தபந்தத்திடம் புரட்டும் பணமோ, வேறு இடத்தை விற்று வரும் பணமோ, அந்த அறிவிப்புக்கு முன்னால் பேங்கில் போய்ச் சேர வேண்டும்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வரலாம். சிம்பாலிக் சுவாதீனத்தில் விற்ற வீட்டில் நீங்கள் கட்டாயமாக வெளியேற வேண்டிய நாள், பிரிவு 14-இன் கீழ் உத்தரவு வாங்கிக்கொண்டு அட்வகேட் கமிஷனரோ (இதற்கென நியமிக்கப்படும் வக்கீல்) வருவாய்த்துறை அலுவலரோ வாசலில் வந்து நிற்கும் நாள். வீட்டைக் கைப்பற்றித் தரச் சொல்லிப் பேங்க் மாவட்ட கலெக்டரிடம் மனுப் போடலாம். தலைமைக் குற்றவியல் நடுவரிடமும் போடலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கோவையிலோ ஈரோட்டிலோ கலெக்டர் ஆபீசில் மட்டும் விசாரித்துவிட்டு "ஒண்ணும் வரலீங்க" என்று திரும்பி வருவது பாதி விசாரிப்புதான். உத்தரவு போட 30 நாள், காரணம் எழுதி 60 நாள் வரை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். 60 நாள் தாண்டிவிட்டது, இனி உத்தரவு செல்லாது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம். கெடு தாண்டினாலும் அதிகாரம் போகாது என்பது 2020-லேயே முடிந்துபோன விஷயம். விற்ற பிறகும் பேங்க் இந்த மனுவைப் போடலாம். ஏலம் எடுத்தவர் நேரடியாகப் போட முடியாது; அவர் பேங்கைத்தான் நெருக்க வேண்டும்.

இந்த மனுவில் உங்களை அழைத்து விசாரிக்க வேண்டிய கட்டாயமில்லை. கமிஷனர் வழக்கமாக முன்கூட்டி நோட்டீஸ் ஒட்டுவார். ஆனால் எத்தனை நாள் முன்பு என்று பிரிவு 14 வரையறுக்கவில்லை. சேவை என்று பார்த்தால் இந்தக் கட்டத்துக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண். 5-க்கு 1 போடலாம். வயதானவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கு, நாள் தெரியாமல் காத்திருப்பதைவிடக் கெட்டது வேறில்லை.

அதனால் கமிஷனர் வரும்வரை உட்கார்ந்திருப்பதைவிட, விற்பனை உறுதியான உடனே பேங்கின் அதிகாரப்பட்ட அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. பெயரும் கையெழுத்தும் அறிவிப்பின் அடியில் இருக்கும். "இன்ன தேதிக்குள் நாங்களே காலி செய்து சாவி ஒப்படைக்கிறோம், அதுவரை பிரிவு 14 நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள்" என்று எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பேங்க் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கமிஷனர் கட்டணம், போலீஸ் பந்தோபஸ்து, பூட்டு உடைப்பு எல்லாம் அவர்களுக்கும் செலவு, இழுபறி. 30 முதல் 60 நாள் கேட்டால் பல கிளைகள் தலையாட்டும். அந்தச் செலவுகள் கடைசியில் உங்கள் கணக்கில்தான் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும். ஏலம் எடுத்தவரே ஷிஃப்டிங் செலவு தருகிறேன் என்று வருவதும் உண்டு. வாங்கலாம், தவறில்லை. சாவியை மட்டும் அவர் அனுப்பும் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். பேங்க் அலுவலரிடம் கொடுத்து, தேதி, நேரம், மீட்டர் ரீடிங் எழுதிய ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

ஆடியில் குடி மாற மாட்டோம், மார்கழியில் பால் காய்ச்ச மாட்டோம் என்பது நம் வழக்கம். கமிஷனரின் நாட்குறிப்பில் ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. கடிதத்தில் தேதி கேட்கும்போதே பஞ்சாங்கத்தையும் பார்த்துக் கேட்டுவிட்டால் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சண்டை மிச்சம்.

காலி செய்யாமல் விட்டால் அந்த நாள் எப்படிப் போகும்? கமிஷனர், பேங்க் ஆட்கள், போலீஸ் வருவார்கள். பூட்டியிருந்தால் உடைத்துத் திறப்பார்கள். உள்ளே இருக்கும் சாமான்களைப் பட்டியல் எடுத்து, வீட்டைப் பூட்டி சீல் வைத்து, சாவியைப் பேங்கிடம் கொடுப்பார்கள். பட்டியலில் 'மர பீரோ 1' என்று இருக்குமே தவிர, அதற்குள் என்ன இருந்தது என்று இருக்காது. நகை, பத்திரம், ஆதார், சர்டிபிகேட், மாத்திரை மருந்து, பிள்ளைகளின் புத்தகம் ஆகியவற்றை நோட்டீஸ் வந்த நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கட்டுத்தறியில் மாடு கன்று இருந்தால் இன்னும் முன்பே ஏற்பாடு தேவை. குட்டியானையில் நாலு நடையில் வீட்டுச் சாமான் போய்விடும். மாட்டுக்குப் புது இடத்தில் நிழலும் தண்ணீரும் முதலில் வேண்டும். கீழே தறி ஓடினால், தறியும் பேங்கில் ஈடாக இருக்கிறதா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஈடாக இருந்தால் அதைக் கழற்றி ஏற்றக் கூடாது. இல்லையென்றால் கழற்றவே நாள் கணக்கில் ஆகும், பிட்டரைச் சொல்லி வையுங்கள்.

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பதில்தான் சண்டை அதிகம். கட்டில், பீரோ, பிரிட்ஜ், ஏசி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் உங்களுடையவை. நிலை, கதவு, ஜன்னல் கம்பி, சுவருக்குள் ஓடும் ஒயர், குழாய், மேல்தொட்டி கட்டடத்தோடு சேர்ந்தவை. கோபத்தில் தேக்குக் கதவைக் கழற்றி விற்றால் போலீஸ் புகாரில் போய் நிற்கும். போர் மோட்டார், சோலார் ஹீட்டர் மாதிரி இரண்டுங்கெட்டான் சாமான்களுக்கு அதே கடிதத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி., கோவையிலேயே இருப்பது கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய வசதி. மேல்முறையீட்டுக்குத்தான் சென்னை போக வேண்டும், அதற்குப் பாக்கியில் 50 சதவீதம் கட்ட வேண்டும், 25 வரை குறைக்கலாம். பேங்க் நடவடிக்கையை எதிர்த்து டி.ஆர்.டி.யில் போடும் பிரிவு 17 மனுவுக்கு ஒவ்வொரு நடவடிக்கையிலிருந்தும் 45 நாள். கடன்தாரர் மனு என்றால், பாக்கி 10 லட்சத்துக்கு உட்பட்டால் லட்சத்துக்கு 500 ரூபாய் கட்டணம். அதைத் தாண்டினால் 5,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாயும். 25 லட்சம் பாக்கிக்கு 8,750 வரும். மனுப் போட்டாலே தடை கிடைத்துவிடாது. தடை கேட்டால் ஒரு தொகையைக் கட்டச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்தத் தொகை கையில் இல்லாமல் போவது வக்கீல் பீசுக்குத்தான் செலவு. எதில் மனு நிற்கும்? 60 நாள் முடியுமுன் சுவாதீன நோட்டீஸ், ஆட்சேபத்துக்குப் பதிலே தராதது, ஏலத்துக்கு 30 நாள் விடாதது, தமிழ்ப் பேப்பரில் போடாதது, மதிப்பீடு இல்லாமல் ரிசர்வ் விலை வைத்தது போன்றவற்றில். "கஷ்டமுங்க, இன்னும் ஆறு மாசம் வேணும்" என்பது மட்டும் காரணமாகாது.

வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் நேராகப் போக வேண்டிய இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அப்படியே. வீட்டுப் பத்திரம் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருப்பது இங்கே சாதாரணம் என்பதால் இது பலருக்குப் பொருந்தும்; ஆனால் பாதிப் பேருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாமல் போகிறது. இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 5-க்கு 4 தாராளமாகப் போடலாம். தாமதமாகப் போனால் மட்டும் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கொங்கு நாட்டுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடு. விவசாய நிலத்தின் மேல் உள்ள ஈடு சர்ஃபேசி சட்டத்துக்குள் வராது என்று பிரிவு 31(i) சொல்கிறது. சுற்றிலும் தென்னையோ மஞ்சளோ இருக்க நடுவில் வீடு இருந்தால் இதை எழுப்பலாம். ஆனால் சிட்டாவில் புன்செய் என்று இருப்பது மட்டும் போதாது. உண்மையிலேயே பயிர் நடக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன்தாரர் மேல் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அடங்கல், விவசாய மின் இணைப்பு அட்டை, விளைச்சல் விற்ற சீட்டு, தேதியோடு படங்கள் எல்லாம் வேண்டும். தரிசாக விட்டுவிட்டு ஷெட் போட்ட இடத்துக்கு இந்த வாதம் நிற்காது. நின்றாலும் கடன் அழியாது. பேங்க் வேறு வழியில் வழக்குப் போடும்.

அடுத்தது போக்கியத்துக்குக் குடியிருப்பவர்கள். திருப்பூர், கோவைப் பக்கம் நாலு லட்சம், அஞ்சு லட்சம் கொடுத்து இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டு குடி வந்தவர்களுக்கு இது பேரிடி. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு மேல் காட்டிப் பாதுகாப்புக் கேட்க முடியாது. 13(2) நோட்டீசுக்குப் பிறகு பேங்க் சம்மதமின்றி எழுதிய வாடகை, போக்கியம் எதுவும் பேங்கைக் கட்டுப்படுத்தாது. அடமானத்துக்கு முன்பே பதிவு செய்து குடி வந்தவர் பிரிவு 17-இல் தானே டி.ஆர்.டி.க்குப் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்காரரிடம் பணத்தைக் கேட்டு வழக்குப் போடும் நிலைதான். போக்கியம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்தால், பதிவான அடமானம் இருந்தால் அதிலேயே தெரியும். பத்திரத்தை மட்டும் பேங்கில் கொடுத்து வாங்கிய கடன்கள் சில சமயம் அதில் வராது, அதற்கு மூலப்பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மதிப்பீட்டாளர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வது இன்னொரு பழக்கம். சாத்தினால் அவர் தெருவில் நின்று மதிப்புப் போட்டுவிட்டுப் போவார். மேல்மாடியில் நீங்கள் கட்டிய இரண்டு அறை கணக்கில் வராமல் ரிசர்வ் விலை இறங்கும். அந்த இறக்கம் உங்கள் காசு. ஏனென்றால் பாக்கி, வட்டி, செலவு போக மிஞ்சுவது பிரிவு 13(7)-படி உங்களுக்கு வர வேண்டியது. பாக்கியும் வட்டியும் 36 லட்சம், செலவு ஒன்றரை லட்சம், வீடு 48 லட்சத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10.5 லட்சம் உங்களுடையது, அதன்மேல் இரண்டாவது அடமானக்காரர் யாரும் இல்லையென்றால். பேங்க் கூப்பிட்டுக் கொடுக்கும் என்று காத்திருக்காமல், முழுப் பணம் வந்த தேதி, வட்டி எதுவரை போட்டார்கள், செலவுக்கு ரசீது எல்லாம் கேட்டு எழுதுங்கள். புது முகவரியும் கணக்கு எண்ணும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். பழைய முகவரிக்கு வரும் தபாலை வாங்க அங்கே நீங்கள் இருக்கப் போவதில்லை. 50 லட்சமோ அதற்கு மேலோ விற்றிருந்தால் ஏலம் எடுத்தவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டியிருப்பார். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமானவரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ஏறவில்லையென்றால் பேங்க் மூலமாக அவரைத் திருத்தச் சொல்ல வேண்டும்.